பரணில் புழுக்கை, சுவரோரம் மூஞ்சூறு: ஹண்டா பயம் எவ்வளவு நியாயம்?

மணிமுத்தாறு | 9 மார்ச் 2025, காலை

ஹாலிவுட் நடிகர் ஜீன் ஹேக்மனோட மனைவி பெட்சி அரகாவா ஹண்டா வைரஸால இறந்தாங்கன்னு செய்தி. எங்க வீட்டுப் பரண் ரொம்ப நாளா திறக்கலை. பழைய பேப்பர் கட்டு, பித்தளை அண்டா, கொலு பொம்மைப் பெட்டி, எல்லாத்து மேலயும் எலிப்புழுக்கை. ராத்திரியில மூஞ்சூறு வேற கீச் கீச்னு சுவரோரமா ஓடுது. அம்மா, "அது பிள்ளையார் வாகனம், எலியில சேராது, அதால நோய் வராது"ங்கறாங்க. மாஸ்க் போட்டுக்கிட்டு ஒரே மூச்சுல கூட்டித் தள்ளிடலாமா?

வாலாஜா | 9 மார்ச், காலை

கூட்டாதீர்கள். வேக்வம் கிளீனரும் வேண்டாம், ஃபேனைத் திருப்பி வைத்து ஊதவும் வேண்டாம்.

ஹண்டா வைரஸ் எலியின் சிறுநீர், புழுக்கை, எச்சில் வழியாக வெளியே வருகிறது. அது காய்ந்து, தூசியோடு கிளம்பி, மூச்சில் உள்ளே போவதுதான் மனிதருக்குத் தொற்றும் முக்கிய வழி. மூடிக் கிடந்த இடத்தில் துடைப்பத்தைப் போட்டால் அந்த வேலையை நாமே செய்து கொடுக்கிறோம். முதலில் நனைக்க வேண்டும், அப்புறம்தான் கை வைக்க வேண்டும். அளவும் முறையும் தனியாக எழுதுகிறேன்.

வாலாஜா | 9 மார்ச், மதியம்

அரகாவா செய்தியைப் பற்றி ஒன்று. ஹண்டா என்பது ஒரே வைரஸ் இல்லை, ஒரு பெரிய குடும்பம். அநேகமாக ஒவ்வொரு வைரஸுக்கும் சொந்தமாக ஒரு எலி இனம் உண்டு. அவர் வாழ்ந்த அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பக்கம் இருப்பது சின் நோம்ப்ரே என்ற வகை. 1993-இல் அந்த வட்டாரத்தில்தான் முதலில் பிடிபட்டது. டியர் மவுஸ் என்ற காட்டுச் சுண்டெலி அதைச் சுமக்கிறது. நுரையீரலில் நீர் கோத்து, நோய் கண்டவர்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல் இறக்கிறார்கள். அந்தச் சுண்டெலி வட அமெரிக்காவைத் தாண்டி இல்லை, உங்கள் பரணில் இருக்க வாய்ப்பில்லை.

ஆசிய, ஐரோப்பிய வகைகள் பெரும்பாலும் சிறுநீரகத்தைத் தாக்குபவை. கொரியாவின் ஹன்டான் கடுமையானது. கொரியப் போரில் ஐ.நா. படையினர் 3,000-க்கும் மேற்பட்டோர் அந்த நோயில் விழுந்தார்கள். ஊர் எலி, கப்பல் எலியோடு உலகம் முழுக்கப் போனது சியோல் வைரஸ். அது ஒப்பீட்டளவில் மென்மையானது, இறப்பு சுமார் 1 சதவீதம். நகரத்தில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய பெயர் அதுதான்.

மணிமுத்தாறு | 9 மார்ச், மாலை

2020-ல சீனாவுல ஒருத்தர் பஸ்ல போகும்போது ஹண்டாவுல இறந்தாருன்னு வாட்ஸப்ல சுத்துச்சே. "அடுத்த கொரோனா"ன்னு.

வாலாஜா | 9 மார்ச், மாலை

இறந்தது உண்மை, அவர் யுன்னானைச் சேர்ந்தவர். "அடுத்த கொரோனா" என்று வால் கட்டி விட்டதுதான் பொய். மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவது உறுதியானது தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் வைரஸ் ஒன்றில்தான். 2018–19-இல் அர்ஜென்டினாவின் எபுயேன் என்ற சிற்றூரில் அப்படிப் பரவி 34 பேர் நோயுற்று 11 பேர் இறந்தார்கள். ஆசிய வகைகளில் அப்படிப் பரவியதில்லை. வீட்டில் ஒருவருக்கு வந்தால் அவரை ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை. அதே பரணுக்கு வேறு யார் யார் ஏறினார்கள் என்றுதான் கேட்க வேண்டும்.

வாலாஜா | 10 மார்ச்

இப்போது அம்மா சொன்னது. எலியில் சேராது என்றது சரி. நோய் வராது என்றதுதான் அப்படியே ஏற்க முடியாதது.

மூஞ்சூறு பூச்சி தின்னும் இனம். எலிக்கு முன்பக்கம் உளி மாதிரி இரண்டு பல் இருக்கும், அது வளர்ந்துகொண்டே போவதால் எதையாவது கொறித்தே தீரும். மூஞ்சூறுக்கு அந்தப் பல் இல்லை. நீண்டு துடிக்கும் மூக்கு, ஊசிப் பல், கடுகு போலக் கண், விலாவில் வாடைச் சுரப்பி. வயரைக் கடிக்காது, அரிசி மூட்டையை ஓட்டை போடாது. கரப்பான் தேடித்தான் வீட்டுக்குள் வருகிறது. குட்டிகள் ஒன்றின் பின்புறத்தை ஒன்று கவ்விக்கொண்டு தாய்க்குப் பின்னால் சங்கிலியாகப் போவதைப் பார்த்தவர்கள் இருப்பீர்கள்.

புழுக்கையை வைத்தே பிரிக்கலாம். சுண்டெலியுடையது 3 முதல் 6 மி.மீ., இரு முனையும் கூர், அங்கங்கே சிதறிக் கிடக்கும். வீட்டு எலியுடையது ஏறக்குறைய 12 மி.மீ. சாக்கடைப் பக்கத்துப் பெரிய எலி, பெருச்சாளி என்றால் இன்னும் நீளம், முனை மழுங்கல். மூஞ்சூறுடையது மூலையில் ஒரே இடத்தில் குவியும், இளகலாக இருக்கும், கரப்பான் இறக்கைத் துணுக்கு தெரியும், வாடை தூக்கும். எதையும் விரலால் நசுக்கிப் பார்க்க வேண்டாம், டார்ச் போதும். புதிய புழுக்கை மினுமினுப்பாகக் கறுத்திருக்கும், பழையது சாம்பல் பூத்திருக்கும். பழையது மட்டும் இருந்தால் எலி போய்விட்டது என்று கொள்ளலாம். இரண்டும் கலந்திருந்தால் குடியிருக்கிறது.

தென்பெண்ணை | 10 மார்ச்

மூஞ்சூறுல மனுஷனுக்கு ஆபத்தான வைரஸ்னு எதுவும் கேள்விப்பட்டதில்லையே?

வாலாஜா | 10 மார்ச், இரவு

வேலூரிலேயே கிடைத்தது. 1964-இல் மூளைக்காய்ச்சல் பற்றிய கள ஆய்வின்போது பிடித்த ஒரு மூஞ்சூறிலிருந்து ஒரு வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். இடத்தின் பெயரே அதற்கும் வந்தது: தொட்டப்பாளையம் வைரஸ். 1971-இல் அதைப் பற்றிய கட்டுரை வந்தபோது, கொசு, உண்ணி போன்றவற்றால் பரவும் வகையாக இருக்கலாம் என்று கருதினார்கள். ஹண்டா என்ற குடும்பமே அப்போது யாருக்கும் தெரியாது. லீ ஹோ-வாங் என்ற விஞ்ஞானி கொரியாவில் வயல் சுண்டெலியிலிருந்து ஹன்டானை அடையாளம் கண்டது 1976-இல். அதன் பிறகு ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் வேலூர் வைரஸும் அந்தக் குடும்பம் என்று தெரிந்தது. உலகில் முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்ட ஹண்டா வைரஸ் வேலூர் மூஞ்சூறிலிருந்து வந்தது என்பது நம் பள்ளிப் புத்தகங்களில் இருக்க வேண்டிய சேதி. பின்னால் நேபாளம், சீனா மூஞ்சூறுகளிலும் அதே வைரஸைக் கண்டார்கள்.

இது மனிதருக்கு நோய் தருமா? தாய்லாந்தில் காய்ச்சல் கண்ட ஒருவரின் ரத்தத்தில் இதற்கான எதிர்ப்பொருள் (வைரஸை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதம்) தெரிந்ததாக ஒரு பதிவு உண்டு. அதைத் தாண்டி வலுவான சான்று இல்லை. மூஞ்சூறுக்குப் பயந்து நடுங்க வேண்டாம்.

வாலாஜா | 11 மார்ச்

நேற்று எழுதியதை மறுபடி யோசித்தேன். "சான்று இல்லை" என்பதோடு நிறுத்தினால் தவறான நிம்மதி தந்துவிடும். தொட்டப்பாளையம் வைரஸ் எலி ஹண்டாக்களிடமிருந்து வெகு தூரம் விலகியது. ஆய்வகங்களில் வழக்கமாக இருக்கும் எலிசா கிட்டுகள் (எதிர்ப்பொருளைத் தேடும் பரிசோதனை) ஹன்டான், சியோல், ஐரோப்பாவின் பூமலா போன்றவற்றை வைத்துச் செய்தவை. மூஞ்சூறு வைரஸின் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்தாலும் அந்த கிட் காட்டாமல் போகலாம். தேடும் கருவியே இல்லாதபோது கிடைக்கவில்லை என்பதற்கு மதிப்புக் குறைவு.

மூஞ்சூறின் உறவுக்கார இனங்களில் வேறு வைரஸ்களும் உண்டு. சீனாவில் 2018 முதல் 2021 வரை காய்ச்சல் கண்டவர்களைப் பரிசோதித்ததில் 35 பேரிடம் லாங்யா என்ற புது வைரஸ். அதன் இருப்பிடமாகச் சந்தேகிக்கப்படுவது அங்குள்ள மூஞ்சூறு இனம். ஜெர்மனியில் போர்னா வைரஸைச் சுமப்பதும் ஒரு வகை மூஞ்சூறு. அது அரிது, வந்தால் மூளையைத் தாக்கும், பெரும்பாலும் உயிர் பிழைப்பதில்லை. இரண்டும் நம் வீட்டு மூஞ்சூறு இல்லை.

வல்வை | 11 மார்ச்

இலங்கையிலயும் ஹண்டா இருக்கெண்டு சொல்லினம், உண்மையோ?

வாலாஜா | 11 மார்ச்

உண்மைதான். காரணம் பிடிபடாத நாள்பட்ட சிறுநீரக நோய் பரவிய கிராந்துருக்கோட்டை போன்ற விவசாயப் பகுதிகளில் ஹண்டா எதிர்ப்பொருள் கணிசமான பேரிடம் இருந்தது. அந்த நோய்க்குக் காரணமே இதுதான் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. வெப்பம், நீர், பூச்சிமருந்து என்று பல சந்தேகங்களுக்கு நடுவில் இதுவும் ஒன்று. தமிழ்நாட்டிலும் எலியோடு புழங்கும் இருளர் மக்கள், கிடங்குத் தொழிலாளர்கள் ஆகியோரிடம் வேலூர் மருத்துவ ஆய்வாளர்கள் இத்தகைய எதிர்ப்பொருளைக் கண்டிருக்கிறார்கள்.

வாலாஜா | 12 மார்ச்

சுத்தம் செய்யும் முறை.

முதலில் எலி வரத்தை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் வாராவாரம் இதே வேலை. பொறி வைத்து, தொடர்ந்து ஒரு வாரம் எதுவும் சிக்காமல் இருந்தால் சுத்தம் தொடங்கலாம். அன்று பரண் கதவு, அறை ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து குறைந்தது 30 நிமிடம் வெளியே இருங்கள். ஏசி வேண்டாம், அது அதே காற்றைத்தான் சுற்றிவிடும்.

கரைசல்: 5 சதவீத ஹைப்போகுளோரைட் திரவம் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு. பிளீச்சிங் பவுடர் என்றால் ஒரு லிட்டருக்கு 20 கிராம். புதிய பவுடரில் குளோரின் 30 சதவீதத்துக்கு மேல் இருக்கும், திறந்து வைத்த பையில் வேகமாக இறங்கிவிடும். 25 சதவீதம் என்று வைத்துத்தான் 20 கிராம் சொல்கிறேன். மூக்கில் ஏறும் நெடி இல்லாத பவுடர் வேலைக்கு ஆகாது. பிளாஸ்டிக் வாளியில் கலக்கி 15 நிமிடம் தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் ஸ்ப்ரேயரில் ஊற்றுங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பு நாசிலை அடைக்கும். அன்று கலந்ததை அன்றே தீர்க்க வேண்டும்.

ரப்பர் கையுறை, என்-95, கண்ணாடி. தெளிக்கும்போது ஸ்ப்ரேயரைப் புழுக்கை மேல் பீய்ச்சி அடிக்காதீர்கள், அதுவே தூசியைக் கிளப்பும். ஓரடி தள்ளி, மேலிருந்து மழைச்சாரல் போல விழ வேண்டும். புழுக்கை ஊறிக் கறுத்துத் தெரியும் வரை நனைத்து, 5 நிமிடம், கெட்டியான குவியல் என்றால் 10 நிமிடம் விடுங்கள். அழுக்கும் கரிமப் பொருளும் குளோரினைத் தின்றுவிடும். அதனால் மேலே ஈரம், உள்ளே காய்ந்த குவியல் இருந்தால் பயனில்லை. காகிதத்தால் வழித்து எடுத்து இரட்டைப் பையில் கட்டுங்கள். பிறகு அதே கரைசலில் தரையைத் துடையுங்கள். கையுறையைக் கழற்றும் முன் அதையும் கரைசலில் அலசி, கழற்றிய பின் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.

பித்தளை அண்டாவில் பிளீச்சிங் படக் கூடாது, கறுத்துவிடும். சோப்புத் தண்ணீர் போதும். ஹண்டா வைரஸுக்குக் கொழுப்பு உறை உண்டு, சோப்பு அதைக் கரைத்துவிடும். கொலு பொம்மைகளில் வண்ணம் போகும், அதனால் அவற்றை நனைக்காமல் வெயிலில் காற்றாட சில மணி நேரம் வையுங்கள். பேப்பர் கட்டு தேவையில்லை என்றால் நனைத்துக் கட்டிப் போட்டுவிடுங்கள். தேவை என்றால் எலி அண்டாத, காற்றோட்டமான இடத்தில் மூன்று வாரம் விடுங்கள். ஐரோப்பிய வகையான பூமலா வைரஸ், எலி படுத்த படுக்கைத் துகளில் அறை வெப்பத்தில் 12 முதல் 15 நாள் வரை தொற்றும் நிலையில் இருந்ததைச் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். நம் வெயிலில் அவ்வளவு தாங்காது. ஆனாலும் இருட்டுப் பரணில் நாளைக் குறைத்துக் கணக்குப் போட வேண்டாம்.

காவேரிக்கரை | 12 மார்ச்

இந்த இழைக்குன்னே சொன்ன பழமொழி: மூஞ்சூறு தான் போக வழியைக் காணோமாம், விளக்குமாத்தைக் கவ்விக்கிச்சாம். விளக்குமாத்தை அதுவே கொண்டு போகட்டும்! ஒரு கேள்வி: பிளீச்சிங்கோட பாத்ரூம் ஆசிட் கொஞ்சம் சேர்த்தா இன்னும் சக்தியா இருக்கும்னு கடைக்காரர் சொல்றாரே?

வாலாஜா | 12 மார்ச், உடனே

சேர்க்கவே கூடாது. பிளீச்சிங்கும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூடிய பரணில் அது ஹண்டாவை விட உடனடி ஆபத்து. கழிப்பறை கிளீனர்கள் பலவும் ஆசிட்தான், அவற்றுக்கும் இதே விதி. அமோனியா கலந்த கண்ணாடி கிளீனரும் வேண்டாம். ஏற்கெனவே ஆசிட் ஊற்றிய இடம் என்றால் நிறையத் தண்ணீர் விட்டு அலசிய பிறகே பிளீச்சிங்.

தென்பெண்ணை | 14 மார்ச்

எங்க தெருவுல மழைக்கு அப்புறம் ரெண்டு பேருக்கு எலிக்காய்ச்சல். அதுவும் இந்த வைரஸ்தானா?

வாலாஜா | 14 மார்ச்

இல்லை. இதைப் பெரிதாக எழுத வேண்டும். எலிக்காய்ச்சல் என்று நாம் சொல்லும் லெப்டோஸ்பைரோசிஸ் பாக்டீரியா. எலி சிறுநீர் கலந்த தேங்கிய நீர், சேறு வழியாக, கால் வெடிப்பு, சிராய்ப்பு மூலம் உள்ளே போகிறது. டாக்ஸிசைக்ளின், பென்சிலின் போன்ற மருந்துகளுக்குக் கட்டுப்படும். எலி மேல் இருக்கும் பூச்சிக் குஞ்சு கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸும் பாக்டீரியாதான், அதற்கும் டாக்ஸிசைக்ளின் கேட்கும். அக்குள், இடுப்பு மடிப்பில் சிகரெட் சுட்டது போல வலியில்லாத கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஹண்டாவுக்கு அப்படி எளிதில் கிடைக்கும் மருந்து இல்லை. உடலைத் தாங்கிப் பிடிக்கும் சிகிச்சை, தேவைப்பட்டால் டயாலிசிஸ். சங்கடம் என்னவென்றால் மூன்றும் ஒரே முகத்தோடு வரும்: காய்ச்சல், உடல்வலி, கண் சிவப்பு, பிளேட்லெட் இறக்கம், சிறுநீரகம் தளர்வதைக் காட்டும் கிரியாட்டினின் ஏற்றம். டெங்கு நெகட்டிவ் என்று வந்ததும் "வைரல் ஃபீவர்தான்" என்று வீட்டில் படுத்துவிடுவது இங்கேதான் ஆளைக் கொல்கிறது. லெப்டோ பரிசோதனை முதல் வாரத்தில் நெகட்டிவ் காட்டுவதும் சகஜம். நம் ஊரில் எலி சார்ந்த காய்ச்சலில் மருந்துக்குக் கேட்கும் பாக்டீரியா நோய்களே கண்ணில் படுபவை. ஹண்டாவைப் பற்றிப் பேசிப் பேசி அவற்றை மறந்துவிடக் கூடாது.

டாக்டரிடம் நீங்களாகவே சொல்ல வேண்டியது: "பரண் சுத்தம் செய்தேன், எலிப்புழுக்கை இருந்தது, இன்ன தேதியில்." ஹண்டா வெளிப்படப் பொதுவாக ஒன்று முதல் இரண்டு வாரம், சிலருக்கு எட்டு வாரம் வரை ஆகும். அவ்வளவு நாள் கழித்து வரும் காய்ச்சலைப் பரணோடு யாரும் முடிச்சுப் போட மாட்டார்கள். தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

காவேரிக்கரை | 15 மார்ச்

எலி கடிச்சா நாய்க்கடி ஊசி போடணுமா?

வாலாஜா | 15 மார்ச்

வீட்டு எலி, அணில், முயல் கடிக்கு ரேபிஸ் ஊசி பெரும்பாலும் தேவைப்படாது. கீரி என்றால் கதை வேறு, அது ரேபிஸ் தரக்கூடியது, உடனே போட வேண்டும். எலிக்கடியை ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவுங்கள், டெட்டனஸ் ஊசி பாருங்கள். மூன்று நாள் முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், மூட்டுவலி, தடிப்பு வந்தால் எலிக்கடிக் காய்ச்சலாக இருக்கலாம். அதுவும் பாக்டீரியாதான்.

வாலாஜா | 16 மார்ச்

பொறி பற்றி மூன்று பேர் தனியாகக் கேட்டார்கள், இங்கேயே எழுதுகிறேன்.

பசை அட்டை வேண்டாம். எலி உயிரோடு மணிக்கணக்கில் துடித்து, பயத்தில் சிறுநீர் கழித்துக்கொண்டே இருக்கும். அதைப் பிரித்து எடுப்பவர் முகத்துக்கு நேரே அது நடக்கும். எலி பேஸ்ட் வேண்டவே வேண்டாம். மஞ்சள் பாஸ்பரஸ் கல்லீரலை அழிக்கும், மாற்று மருந்து கிடையாது, வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். விஷம் தின்ற எலி சுவருக்குள் போய்ச் செத்தால் அதை எடுக்கவும் முடியாது.

அடிக்கும் பொறிதான் சரி. சுவருக்குச் செங்குத்தாக, இரை வைத்த முனை சுவரைத் தொடும்படி வையுங்கள். எலி சுவரை மீசையால் உரசிக்கொண்டே ஓடும். மசால் வடையை முழுதாக வைத்தால் இழுத்துக்கொண்டு போய்விடும். பட்டாணி அளவு வேர்க்கடலையோ தேங்காயோ நூலால் கட்டுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் பொறியை விசை ஏற்றாமல் இரையோடு விடுங்கள், புதுப் பொருளை எலி நம்பாது. செத்த எலி மேல் கரைசல் தெளித்து, 5 நிமிடம் விட்டு, கையுறையோடு இரட்டைப் பையில் போட்டு, இரண்டடிக்குக் கீழே புதையுங்கள்.

அடைப்பு: சுண்டெலிக்கு 6 மி.மீ., எலிக்கு 12 மி.மீ. இடைவெளி போதும். ஃபோமைக் கொறித்துவிடும். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் திணித்து மேலே சிமென்ட் பூசுங்கள்.

மூஞ்சூறைக் கொல்ல வேண்டியதில்லை, மணிமுத்தாறு அம்மாவின் மனமும் நோகாது. இரவில் எச்சில் பாத்திரம் போடாமல், சிங்க் குழாய் ஓட்டையை அடைத்து, கரப்பானை ஒழித்தால் அதற்கு உங்கள் வீட்டில் வேலை இல்லை.

வல்வை | 18 மார்ச்

பூனை வளர்த்தால் காணாதோ? மகளுக்கு ஹாம்ஸ்டர் வேற வேணுமாம்.

வாலாஜா | 18 மார்ச்

பூனையைப் பெரிய எலிக்கு நம்ப முடியாது. நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு கழிவுக் கூடத்தில் கேமரா வைத்து 79 நாள் பார்த்தார்கள், பூனைகள் கொன்றது இரண்டே எலி. எலிகள் ஒளிந்துகொள்வதால் எண்ணிக்கை குறைந்த மாதிரித் தோன்றும், அவ்வளவுதான். அந்த நகரத்து எலிகளில் 133-ஐ ஆராய்ந்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில் சியோல் வைரஸும், அதுவரை தெரியாத 18 வைரஸ்களும் இருந்தன. புதிது என்றால் மனிதருக்கு ஆபத்து என்று பொருள் இல்லை. 2018-இல் ஹாங்காங்கில் கல்லீரல் மாற்று செய்துகொண்ட ஒருவருக்கு எலி ஹெபடைடிஸ் இ வந்ததுதான் மனிதரில் முதல் பதிவு. அதுவரை எலியோடு நின்றுவிடும் என்று நினைத்திருந்த வைரஸ் அது.

ஹாம்ஸ்டர், வளர்ப்பு எலி விஷயம் முக்கியம். 2017-இல் அமெரிக்காவில் வளர்ப்பு எலிகள் மூலம் 11 மாநிலங்களில் 17 பேருக்கு சியோல் வைரஸ் தொற்றியது. எல்சிஎம் என்ற வைரஸ் வீட்டுச் சுண்டெலியுடையது, கடையில் ஹாம்ஸ்டருக்கும் ஒட்டும். 2005-இல் அங்கேயே உறுப்பு தானம் செய்தவர் வீட்டு ஹாம்ஸ்டரிலிருந்து வந்த அந்த வைரஸால், உறுப்பு பெற்ற நால்வரில் மூவர் இறந்தார்கள். ஆரோக்கியமானவருக்கு அது சாதாரணக் காய்ச்சலாகப் போய்விடும். கர்ப்பிணிக்கு வந்தால் கருவின் மூளையையும் கண்ணையும் பாதிக்கும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் ஹாம்ஸ்டர் வேண்டாம், பரண் சுத்தத்துக்கும் அவரை ஏற்றாதீர்கள்.

மணிமுத்தாறு | 23 மார்ச்

பரண் முடிஞ்சுது. அம்மாவே ஸ்ப்ரேயர் பிடிச்சாங்க. இப்ப வேற பிரச்சினை: கார் ஏசி போட்டா வாடை, டேஷ்போர்டுக்குள்ள எலி கூடு கட்டியிருக்கும் போல.

வாலாஜா | 23 மார்ச்

ஏசி புளோயரைப் போடாதீர்கள், அது நேராக முகத்தில் அடிக்கும். 2012-இல் அமெரிக்காவின் யோசெமிட்டி பூங்காவில் 10 பேருக்கு ஹண்டா வந்து 3 பேர் இறந்ததும், பெரும்பாலும் இரட்டைச் சுவர் கூடாரங்களின் இடுக்கில் சுண்டெலி கூடு கட்டியதால்தான். கண்ணுக்குத் தெரியாத இடுக்கும், ஆள் மூச்சு விடும் இடமும் அடுத்தடுத்து இருந்தால் இப்படித்தான் ஆகும். ஃபால்ஸ் சீலிங் உள்ளவர்களுக்கும் இது பொருந்தும்.

காரை வெளியே நிறுத்தி, நான்கு கதவையும் அரை மணி நேரம் திறந்து வையுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். பெரும்பாலான கார்களில் கிளவ் பாக்ஸைக் கழற்றினால் கேபின் ஃபில்டர் தெரியும். இழுப்பதற்கு முன் சோப்புக் கரைசலால் நனைத்து, 10 நிமிடம் விட்டு, மெதுவாகப் பைக்குள் உருவுங்கள். இங்கே பிளீச்சிங் வேண்டாம், அலுமினியக் காயிலை அரித்துவிடும். உள்ளே பஞ்சு, காகிதத் துணுக்கு கிடந்தால் அதையும் நனைத்து எடுங்கள். புளோயர் பெட்டிக்குள் கூடு இருந்தால் மெக்கானிக்கிடம் விடுங்கள், காற்றுக் குழாயால் ஊதக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர்கள் முதலில் எடுப்பதே அதைத்தான். புது ஃபில்டர் போட்ட பிறகு, எல்லாக் கண்ணாடியையும் இறக்கி, ஆள் உள்ளே இல்லாமல் 15 நிமிடம் புளோயரை ஓடவிடுங்கள். வைப்பருக்குக் கீழே உள்ள காற்று நுழையும் வாயில் 6 மி.மீ.-க்கும் சிறிய கண் உள்ள கம்பி வலை வைத்துத் தரச் சொல்லுங்கள்.